தொட்டிலில் கட்டிய சாவி

அன்புள்ள விதுஷா அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? பசறையில் மழை விடவில்லையாமே, நனைந்துகொண்டு மலைக்குப் போகாதீர்கள். குவைத்தில் எனக்கு ஒரு குறையுமில்லை.

பயப்படாமல் படியுங்கள். நேற்று இந்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது, நம் அஜந்தனுக்கு வந்த மாதிரியே. கையில் கொடுக்க இரும்புச் சாவி தேடி ஓடினேன். இங்கே கதவெல்லாம் அட்டை காட்டினால் திறக்கும், வீட்டில் சாவியே கிடையாது! திரும்பி வருவதற்குள் பக்கத்து வீட்டு மதுரைக்கார நர்ஸ் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்.

“சாவி எதுக்கும்மா? பக்கத்துல இருங்க, தானா நிக்கும்” என்றார். நின்றது. நம் பிள்ளைக்கும் அன்று தானாகத்தான் நின்றிருக்கிறது.

இனி வந்தால் அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரம் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் உடனே த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நின்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் பிள்ளைக்குக் கெடுதல் வராதாம்.

இதைக் கொண்டுவரும் ஸுபைரா அக்கா லீவு முடிந்து திரும்பும்போது கொஞ்சம் தேயிலைத்தூள் கொடுத்தனுப்புங்கள். அஜந்தனின் சட்டையில் சுற்றிக் கொடுங்கள். சட்டையைத் துவைக்க வேண்டாம்.

குழந்தை எழுந்துவிட்டது, போகிறேன். சாவியைத் தொட்டிலில் கட்டியதிலிருந்து லயத்து வீட்டுக் கதவைக் கயிற்றால்தான் கட்டுகிறீர்களாம், விதுஷா போனில் சொல்லிச் சிரித்தாள். தொட்டிலிலிருந்து சாவியை அவிழ்த்துவிடுங்கள். கதவைச் சாவி பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவசரத்தில்,
யசோதினி