அண்ணையின் பெயர் இல்லாத பாட்டு

வெம்பிளி
நவம்பர் 18

அன்புள்ள தங்கச்சி சிவகௌரிக்கு,

நீயும் அம்மாவும் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனம்தான் அருவருத்துப் போய்க் கிடக்கிறது. இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

நான் பாடப் போகும் குழுவை நடத்தும் இசையமைப்பாளர் எட்வின் ஹார்ட்லியைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். லீட்ஸில் ஒரு பஸ் சாரதியின் மகன். தேவாலயத்தில் பாடி வளர்ந்து, முப்பது வயதிலேயே பெரிய ஓர்க்கெஸ்ட்ராக்களை நடத்தினவர். அறுபது வயதுக்குப் பிறகு புதிதாய் ஒன்றும் எழுத வரவில்லை, அழைப்புகளும் நின்றுபோயின. மூன்று வருசத்துக்கு முன்னர் இங்கே வந்து எங்களைப் போன்றவர்களைச் சேர்த்துப் பாட வைத்தார். வசந்தமலர் என்று என் பெயரை முழுசாய்ச் சொல்லப் பழகின ஒரே வெள்ளைக்காரர். நல்ல மனுசன் என்றுதான் நினைத்தேன்.

மாசி மாதம் ஒருநாள் ஒத்திகை முடிந்து எல்லாரும் போனபிறகு, உங்கள் வீட்டுப் பாட்டு ஏதும் தெரியுமா என்று கேட்டார். காணாமற்போன ஞானேஸ்வரன் அண்ணையைக் கூப்பிட்டு அம்மா தானே கட்டின பாட்டைப் பாடினேன். அவர் அழுதார். எங்கட துயரத்தைக் கேட்க ஒருத்தர் கிடைத்தாரே என்று பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஐப்பசியில் அவருடைய புதுப் படைப்பின் தாள்களைத் தந்தார்கள். இரண்டாம் பாகம் அப்படியே அம்மாவின் பாட்டு. அம்மா அண்ணையை ‘ஞானம், ஞானம்’ என்று கூப்பிடும் இடத்தில் வெறும் ‘ஆ’. வேல்ஸ் கடற்கரையில் தனியாக நடந்தபோது தனக்குத் தோன்றிய மெட்டு என்று மேலே எழுதியிருந்தார்.

எல்லார் முன்னும் எழும்பி, இது எங்கட அம்மாவின் பாட்டல்லோ என்று கேட்டேன். நாட்டுப்பாடலுக்குச் சொந்தக்காரர் கிடையாது என்று சிரித்தார். சொந்தக்காரிக்கு எழுபத்தெட்டு வயது, யாழ்ப்பாணத்தில் கோப்பாயில் இருக்கிறா என்றேன். அப்படியென்றால் தனியாகப் பாடும் பகுதியை உங்களுக்கே தருகிறேன் என்றார். பெயரை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன். அந்த இடத்தில் ‘ஆ’ தான் அழகு என்றார். தாள்களை அவர் முன்னால் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் குழுத்தலைவர் பாலேந்திரா அண்ணை வீட்டுக்கு வந்தார். எங்கட பாட்டு வெள்ளைக்காரன் கையால் மேடையேறுது, நீர் குழப்பாதையும் என்றார். தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

சனிக்கிழமை டிக்கெட் எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் போனேன். எங்கட ஆட்கள் பட்டுச்சேலையில் வரிசையாய் நின்று ‘ஆ’ என்றார்கள். என்னால் இருக்க ஏலவில்லை. எழும்பி நின்று ‘ஞானம்’ என்று கத்தினேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் வந்து என்னைக் கையில் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

இன்றைய பத்திரிகையில் அவருடைய பேட்டி வந்திருக்கிறது. பார்வையாளர் நடுவிலிருந்து எழுந்த அந்தக் குரலும் தன் படைப்பின் பகுதிதானாம். தான்தான் அப்படி அமைத்தாராம். என்னுடைய கத்தலையும் எடுத்துக்கொண்டார் தங்கச்சி. நான் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறேன். போடுவார்களோ தெரியாது.

அம்மா பாடத் தொடங்கினால், சாப்பாடு ஆறுது என்று சொல்லி எழுப்பிவிடாதே. அண்ணையின் பெயரை எத்தனை தரம் கூப்பிட வேணுமோ அத்தனை தரமும் கூப்பிடட்டும். நீ பக்கத்தில் இரு.

உன் அக்கா,
வசந்தமலர்