எட்டு மணிக் கதவு

1973, ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு.

வீடில்லாத பெண்கள் படுத்துக்கொள்ள மாதர் சங்கம் மந்தைவெளியில் நடத்தும் இந்த விடுதிக்கு, இன்று சாயங்காலம் சங்கத்து அம்மா வந்தாள். பாதிப் பாய்கள் சுருட்டியபடியே கிடந்தன. "மழைல நனைஞ்சாலும் நனைவா, இங்க வரமாட்டா. இவாளுக்கு பிளாட்பாரம்தான் பிடிச்சிருக்கு" என்று, இங்கேயே படுக்கிற என் முகத்துக்கு நேரே சொன்னாள். போன மழைக்கும் இதையேதான் சொன்னாள். நான் மறக்கவில்லை.

"எட்டு மணிக்கே கதவ சாத்துனா யாரும்மா வருவா? கோயில் நடை சாத்தினாத்தான் பூக்காரிங்களுக்கு யாவாரம் முடியும். என் மருமவளும் கைக்கொழந்தயோட அங்கதான் குந்திகினு கீறா" என்றேன்.

"ரூல்னா ரூல்தான்" என்று காரில் ஏறிவிட்டாள்.

எட்டானதும் வாட்ச்மேன் வந்தான். நான் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.

"எய்ந்திரு ஆயா, கதவ சாத்தணும்."

"சாத்திக்கோ நைனா. என் காலு இங்கதான் கீது."

"என் வேலைக்கு உலை வச்சிடாத."

"கெய்வி நகரலன்னு சொல்லு. திட்டுனா என்னத் திட்டட்டும்."

அவன் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பீடி பற்றவைத்தான். நடை சாத்தியதும் மருமகள் நனைந்துகொண்டே குழந்தையோடு வந்தாள். அவள் பின்னால் இன்னும் மூன்று பூக்காரிகள். பாய்களை நானே விரித்துப் போட்டேன். குழந்தை இப்போது காய்ந்த துணியில் தூங்குகிறது.

காலையில் அந்த அம்மா வந்து என்னை வெளியே போ என்பாள். போகிறேன். ஆனால் போய் உட்காரப்போவது அவள் வீட்டு வாசலில்தான்.