குச்சி நிற்கும் இடத்தில் பாட்டு முடியும்

ஜூன் 3
இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து கை ஓயவில்லை. இன்று "பங்க்" என்று எழுதினேன். பெட்ரோல் பங்க் இல்லை, எங்கள் அதிவேகப் பாட்டுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர். எவ்வளவு சின்னச் சொல்! இதற்காகவா முப்பது வருடம் ஊர் ஊராகப் போய்த் தொண்டை கிழியக் கத்தினேன்? நான் பாட்டு, என் மனைவி கிடார், அவள் தம்பி டிரம்ஸ். நாலு கால் பாய்ச்சல்தான். ஆனாலும் மெட்டு உண்டு, வீட்டுக்குப் போய் முணுமுணுக்கலாம்.

ஜூன் 9
மனைவியின் தையல் கடைப் பின்னறையில் ஒத்திகை. பாதிப் பாட்டில் மச்சினனுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. குச்சி மெஷினுக்கு அடியில் உருண்டது.

ஜூன் 10
அந்த வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து அடிக்கக் கூடாதாம். டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பாட்டு ஒவ்வொன்றும் மூன்று நிமிடம்.

ஜூன் 14
தோள் விஷயம் கேள்விப்பட்டு, அடுத்த வாரக் கச்சேரி நடக்கவிருக்கும் அரங்கக்காரர் வந்தார். "கொஞ்சம் மெதுவா வாசிங்களேன், ஜனங்க உக்காந்து கேக்கட்டும். இல்லன்னா டிரம்ஸுக்கு நல்ல பையன் ஒருத்தன் இருக்கான்."

மச்சினன் தலையைத் தொங்கப்போட்டான். "அவனையே போட்டுக்குங்க மாமா."

அவன் அக்காவுக்கு வந்ததே கோபம். "இன்னொரு தடவ சொல்லிப் பாரு. நல்லா இருக்கற தோளையும் நானே ஒடச்சிடறேன்."

அரங்கக்காரர் காபியைக் குடிக்காமலே போய்விட்டார்.

ஜூன் 15
வேகம் போனால் அது எங்கள் பாட்டா? அவன் போனால் அது நாங்களா? ரெண்டும் முடியாது. முடியாதுன்னா முடியாதுதான் — ஆனா என்ன பண்றது?

ஜூன் 16
துணி வெட்டிக்கொண்டே மனைவி சொன்னாள்: "துணி பத்தலன்னா சட்டையக் குட்டையா தைக்கறதில்லையா? வேகத்தக் குறைக்காதீங்க. பாட்டக் குறைங்க."

முடிவாகிவிட்டது. மச்சினன் கை எங்கே நிற்கிறதோ அங்கே பாட்டு முடியும். பாதி வரியானாலும் நான் வாயை மூட வேண்டும். எனக்கு அதுதான் கஷ்டம்.

ஜூன் 21
கச்சேரி. பறந்தோம். ஒரு நிமிடம் ஆனதும் மச்சினன் அடிப்பதை நிறுத்திக் குச்சியைத் தூக்கினான். பாதி வரியில் வாயை மூடினேன். அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. தொலைந்தோம் என்றே நினைத்தேன். பின்னாலிருந்து ஒரு பெண் நான் விட்ட வரியைப் பிடித்தாள். பிறகு எல்லோரும். மிச்சப் பாட்டை அவர்களே பாடி முடித்தார்கள். அதற்குள் அவன் தோளை நீவிவிட்டு அடுத்த பாட்டுக்குத் தயாராகிவிட்டான்.

அரங்கக்காரரும் நின்றுகொண்டுதான் கேட்டார்.

ஜூன் 22
தொண்டை கட்டிவிட்டது. பரம சுகம்.

ஆகஸ்ட் 2
இளவட்டப் பாட்டுக் குழு ஒன்று இப்போது பாட்டைப் பாதியில் நிறுத்துகிறதாம். அதுதான் புதுப் பாணியாம். மச்சினனிடம் சொன்னேன். தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தத் தைலத்த அவங்களுக்குக் குடுத்துடுங்க மாமா. தைலம் தேய்க்காம அந்தப் பாணி வராது."