கொஞ்சம் நீலம் இருக்கட்டும்

மார்ச் 4

இன்றும் வெள்ளி குறைவுதான். செம்புத் தாதை உலையில் வறுக்கிறோம். கந்தகம் புகைந்து போகிறது. உள்ளிருக்கும் வெள்ளி, வெந்நீரில் கரையும் உப்பாகிறது. அந்த நீரில் செம்புத் தகட்டை வைத்தால் வெள்ளி அதன்மேல் படிந்துவிடும். இவ்வளவுதான் வேலை. தாதில் வெள்ளி இருக்கிறது, ஆய்வகத்தில் நானே சோதித்தேன். தகட்டில் ஏன் இல்லை?

மார்ச் 6

"ஆய்வகத்துல தப்பு இல்லைன்னா, உலைப் பக்கம் யாரோ கை வைக்கிறாங்க" என்றார் மேனேஜர். உலையையும் தொட்டியையும் பார்த்துக்கொள்வது என் கொழுந்தன். அவன் எதிரிலேயே சொன்னார். என் சோதனையில் தப்பிருக்காது என்ற மிதப்பில் நான் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 7

கேட்டில் எல்லோர் முன்னாலும் அவன் சட்டைப்பையை உதறிக் காட்டச் சொன்னார்களாம். டிபன் பாக்ஸைத் திறந்து சோற்றைக் கிளறிப் பார்த்தார்களாம். நான் கட்டிக் கொடுத்த சோறு.

மார்ச் 8

கொழுந்தன் சாப்பாடு வேண்டாமென்று டிபன் பாக்ஸை எடுக்காமலே போய்விட்டான்.

மார்ச் 9

"மேனேஜர் சொன்னப்ப நீங்க அங்கதானே நின்னீங்க அண்ணி. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லல? அவன் எடுக்க மாட்டான்னு எனக்குத் தெரியாதா என்ன — தெரியும். அப்புறமும் ஊமை மாதிரி நின்னேனே.

மார்ச் 11

"கடைசி நீலம் போறதுக்குள்ள உலைச் சூட்டை ரொம்ப ஏத்த வேண்டியிருக்குன்னு தம்பி புலம்பினான்" என்று இவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

வறுத்த பொடியில் ஒரு கரண்டி எடுத்து வெந்நீரில் போட்டுப் பார்ப்போம். செம்பின் உப்பு மிச்சமிருந்தால் நீர் நீலமாகும். நீலம் அறவே போகும்வரை வறுக்க வேண்டும் என்று விதி போட்டவள் நான். எனக்கு எதுவும் பளிச்சென்று இருக்க வேண்டும். கழுவிய டம்ளரையே வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறவள். செம்பின் உப்பு சூட்டில் உடைகிறது, சரி. வெள்ளியின் உப்பு அதைவிடத் தாங்கும், அதுவும் சரி. எதுவரை தாங்கும்?

மார்ச் 12

வெந்நீரில் கழுவி ஒதுக்கிய கசடை அமிலத்தில் கரைத்து, உப்புக் கரைசல் விட்டேன். திரிந்த பால்போல வெள்ளை வெள்ளையாகத் திரண்டது. அத்தனையும் வெள்ளி!

அதிகச் சூட்டில் வெள்ளியின் உப்பும் உடைந்து வெறும் வெள்ளியாகியிருக்கிறது. வெறும் வெள்ளி வெந்நீரில் கரையுமா? நீர் தெளிந்துவிட்டதே என்று கசடை நான் ஒருநாளும் சோதிக்கவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியிருக்கிறேன்.

இவரிடம் சொன்னேன். "சுத்தம் சோறு போடும்பாங்க. உன் சுத்தம் என் தம்பி சோத்தையே கிளற வச்சுடுச்சு" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு அழுகை நிற்கவில்லை.

மார்ச் 13

அறைக்குள் வைத்துச் சொன்னால் போதும் என்றார் மேனேஜர். கேட்டுக்கு வரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். ஷிப்ட் மாறும் நேரம், எல்லோரும் இருந்தார்கள். "யாரும் எதையும் எடுக்கல. வெள்ளி கசடுல கிடக்கு. தப்பான விதி போட்டது நான்" என்றேன். சோற்றைக் கிளறிய காவலாளி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் கொழுந்தனிடம் வருத்தம் தெரிவித்தார். அவன் என்னை நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய்விட்டான்.

மார்ச் 16

புதிய விதிப்படி முதல் வறுவல். கொழுந்தன் கண்ணாடிக் குவளையோடு ஆய்வகத்துக்கு வந்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வெளிர் நீலம்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு அண்ணி."

"இருக்கட்டும். நிறுத்திடு."

தலையாட்டிவிட்டு வாசல்வரை போனவன் திரும்பினான்.

"என் டிபன் பாக்ஸ் எங்க?"