திருச்செந்தூர்ப் பக்கம் தியானம்

காமநாயக்கன்பட்டி
24-3-84

அன்புள்ள மகள் மேரிராணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. பரலோக மாதா புண்ணியத்தில் நானும் உன் தம்பி இன்னாசிராஜும் சுகம், சினை ஆடும் சுகம், டெல்லியில் உன் உடம்புக்கும் நைட் டூட்டிக்கும் அந்த மாதாவே காவல். மாசியில் கேட்காத நேரத்தில் ஒரு மழை பெய்து, காட்டில் பிடுங்கிப் போட்டிருந்த கொத்தமல்லி எல்லாம் கறுத்துப்போனது. இன்னாசி கல்யாணத்துக்கு லீவு இல்லை என்று நீ ஒரே வரியில் எழுதிய கார்டு வந்தது. லீவு இல்லாமல் இல்லை, அவன் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கார்டை அவனும் படித்தான், பைபிளுக்குள் வைத்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டான்.

போன வாரம் நான் ஒரு கூத்து பண்ணினேன், அதைச் சொன்னால் சிரிப்பாய், அப்புறம் சிரிக்க மாட்டாய். ஆபீசில் என்னோடு தீக்குச்சிக் கட்டை அடுக்குகிற முப்பிடாதியை உனக்குத் தெரியும். திருச்செந்தூர்ப் பக்கத்துல தியானமாம், மூணு நாளு, மொதலாளி வேன் விடுதாவ, வாரியாட்டி என்று கேட்டாள். தபசுகாலம், நானும் மூன்று வருடமாக ஒரு தியானத்துக்கும் போகவில்லை. அந்தக் கடற்கரை நெடுக நம் கோவில்தானே, ஏதோ ஒரு பங்கில் தியானம் வைத்திருக்கிறார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். முப்பிடாதி இந்து, அவள் ஏன் வருகிறாள் என்று யோசித்திருக்க வேண்டும். வேளாங்கண்ணிக்கு எல்லாரும்தானே போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். ஜெபமாலையும் முக்காட்டுத் துணியும் எடுத்துக்கொண்டு, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டியதை வேனிலேயே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். தேரி மணலில் ஓலைக் கொட்டகை போட்டிருந்தது, சிலுவை எங்கே என்று தேடினேன். வெள்ளைச் சேலை கட்டிப் பெயர் எழுதின அம்மாவிடம் சாமியார் எப்போ வருவாவ என்று கேட்டேன், ஏழு மணிக்கு வருவாவ என்றாள், எனக்கு நிம்மதியாகிவிட்டது. ஏழு மணிக்கு வந்தவர் காவி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். நான் முழங்காலில் நிற்கிறேன், மற்ற எல்லாரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வேன் அப்போதே திரும்பிப் போய்விட்டது, மூன்றாம் நாள்தான் வரும் என்றார்கள். அதற்குள் மௌனம் ஆரம்பித்துவிட்டது, யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாதாம்.

நல்ல மனிதர்கள்தான், கஞ்சியும் துவையலும் வயிறாரக் கொடுத்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கண்ணை மூடி மூச்சை மட்டும் கவனியுங்கள் என்றார்கள் பார், அதுதான் என்னால் முடியவில்லை. என் மூச்சைக் கவனித்தால் சாகக் கிடந்த உன் அப்பாவுடைய இழுப்புதான் காதில் கேட்டது. பேசலாம் என்றிருந்தால் ஏதாவது பேசி மறந்திருப்பேன், மூன்று நாளும் அதையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். கடைசி நாள் மௌனம் முடிந்து வேனில் ஏறியதும், சாமியாரிடம் சொல்ல வைத்திருந்ததை எல்லாம் முப்பிடாதியிடம் கொட்டி அழுதுவிட்டேன். அவள் என்னை ஆற்றவில்லை. ஏட்டி, இத எங்கிட்ட எதுக்குச் சொல்லுத, ஒம்மவகிட்டச் சொல்லு, மூணு நாளு வாயக் கட்டுனதுக்கே ஒனக்கு நெஞ்சு வெடிக்குதே, அந்தப் பய இன்னாசி மூணு வருசமா வாயக் கட்டிக்கிட்டு அலையுதானே என்று ஏசினாள்.

மேரி, அப்பா ஒன்பது நாள் கிடந்தார். முதல் நாளே இன்னாசி தந்திப் பாரத்தை நிரப்பிக்கொண்டு சைக்கிளை எடுத்தான், வாசலில் மறித்து அதை வாங்கி அடுப்பில் போட்டது நான். உனக்கு நர்ஸ் படிப்பில் கடைசிப் பரீட்சை என்று அவனிடம் சொன்னேன், அதுவும் உண்மைதான். ஆனால் டெல்லி ஆஸ்டல் பிடிக்கவில்லை, வந்துவிடுகிறேன் என்று நீ இரண்டு கடிதம் எழுதியிருந்தாய், இதைச் சாக்கு வைத்து வந்தால் திரும்பிப் போக மாட்டாய், என்னைப் போலத் தீக்குச்சி அடுக்கிச் சாவாய் என்று பயந்தேன். அடக்கம் முடிந்து நீ வந்து நின்று, ஒன்பது நாளில் ஒரு தந்தி கொடுக்க ஆளில்லையா என்று கத்தினபோது, நான் இவன்கிட்டதான் சொன்னேன் என்றேன். சொன்னேன்தான், என்ன சொன்னேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். நீ அவனைப் பார்த்துக் கேட்கக் கூடாத வார்த்தை எல்லாம் கேட்டாய். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை, பாவி.

முப்பிடாதியிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அப்பா மூன்றாம் நாள் உன்னைக் கேட்டார். தந்தி கொடுத்தாச்சு, ரயில் ஏறிட்டா என்றேன். அதிலிருந்து தினமும் காலையில் புள்ள எங்கன வருதா என்று கேட்பார், நாக்பூர் என்பேன், மறுநாள் விஜயவாடா என்பேன், ரயில் லேட்டு என்பேன், மெட்ராஸ் என்பேன், மதுரை என்பேன். கடைசி நாள் சாத்தூர் தாண்டிட்டா என்றேன். சிரித்தார், வாசல் தெரியும்படி தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார். வைத்தேன்.

அவர் உன்மேல் ஒரு குறையும் இல்லாமல்தான் போனார். என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை, அதைக் கேட்க எனக்கு முகம் இல்லை. நான் எழுதுவது இன்னாசிக்குத் தெரியாது, தெரிந்தால் கிழித்துப் போடுவான். வைகாசி பதினைந்து கல்யாணம், லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. வந்து என்னோடு பேசாவிட்டாலும் போகிறது, அவன் பக்கத்தில் நில். வெயில் காலம், மோர் வாங்கிக் குடி, டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. ஆண்டவர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். எனக்குப் பதில் வேண்டாம், அவன் பேருக்கு எழுது.

எழுதக் கை கூசினாலும்,
உன் அம்மா
சவேரியம்மாள்