ஒரு மணி என்று எழுதிய சீட்டு

மச்சான்,

இன்று காலை ஹட்டன் டவுனில் ஒரு பல் கிளினிக்கில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே மிச்சமிருந்த நாலு பல்லையும் பிடுங்கி மூன்று மாதமாகிறது. ஈறு ஆறிவிட்டது, இனி பல் செட்டுக்கு அளவெடுக்கலாம் என்றார் டாக்டர். எனக்குப் பின்னால் உதவிக்கு நிற்கும் பிள்ளை மாவு குழைத்துக்கொண்டிருந்தாள். ரப்பர் கிண்ணத்தில் கரண்டி சளக் சளக் என்று அடிக்கும் சத்தம், கூடவே அந்தப் புதினா வாசனை. இருபத்திரண்டு வருஷம் ஆமியில் சிப்பாய்களின் வாய்க்காக நான் குழைத்த மாவு, இன்றைக்கு என் வாய்க்குள் வந்தது.

அளவு பதிந்த மாவுத் தட்டை என் வாயிலிருந்து எடுத்ததும் அவள் என்ன செய்தாள் தெரியுமா? குழாயில் ஒரு தரம் கழுவினாள். ஈரத்துணியில் சுற்றினாள். நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சீட்டில் என் பெயரை எழுதி, பக்கத்தில் நேரத்தையும் எழுதினாள்: ஒன்பது நாற்பது. அவ்வளவுதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வலிக்குதாங்க ஐயா?" என்றாள்.

"இல்லம்மா, மாவு கொஞ்சம் தொண்டைக்குப் போயிருச்சு" என்றேன். பார்த்தாயா, பொய் சொல்ல மட்டும் என் வாய்க்குப் பல் தேவைப்படுவதில்லை.

இந்தப் பல்லை நீ செய்திருக்க வேண்டும். "ஒனக்குப் பல்லு போனா வேற எவன்கிட்டயும் போயிறாத, நான்தான் செய்வேன்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! நீ போய் எட்டு மாதமாகிறது. நீ இருக்கும்போதே நான் வந்திருக்கலாம். ஏன் வரவில்லை என்பதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது எழுதுகிறேன். செத்தவனுக்குக் கடிதம் எழுதுவது சுகமான வேலை, அவன் திருப்பிக் கேட்கமாட்டான் என்று நீ கிண்டல் பண்ணுவாய். பண்ணு.

பூண்டுலோயாவுக்கு மேலே ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே லயத்து வரிசை நம் இருவருக்கும். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் மூன்று காம்பரா, மூன்று குடும்பம். கீழே கிராமத்துப் பையன்களோடு கிரிக்கெட் ஆடியதில் சிங்களம் தானாக வந்தது. அந்தச் சிங்களத்தை நம்பித்தான் ஆமிக்கு எழுதிப் போட்டோம். அந்த நாளில் லயத்துப் பையன்கள் ஆமியில் சேருவது ஊரே மூக்கில் விரலை வைக்கிற சங்கதி. என் வீட்டில் அழுதார்கள். உன் அப்பா அழவில்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டு, மூன்று நாள் உன்னோடு பேசாமலே இருந்தார். பஸ் ஏறும்போதுதான் வாயைத் திறந்தார்.

"போறதுன்னு முடிவு பண்ணிட்ட, போ. மூணு கோடு குத்திக்கிட்டு வா. அன்னைக்குப் பெரட்டுக்கு ஒன்கூட நானும் நடந்து வர்றேன். அதுவரைக்கும் அந்த யூனிபோர்மோட தோட்டத்துக்குள்ள காலு வைக்காத."

மூன்று கோடு என்றால் சார்ஜன்ட். விடிந்தால் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பார்க்க, மகனோடு நடக்க வேண்டும். ஆயுளெல்லாம் அந்தக் களத்தில் தலை குனிந்து நின்ற மனிதனுக்கு அது ஒன்றுதான் ஆசை. பஸ் கொத்மலை தாண்டும் வரைக்கும் நீ ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாய். பிறகு, "மூணு கோடுதானே, எடுத்துருவோம்" என்றாய்.

பயிற்சி முடிந்ததும் நம் இருவரையும் பல் பிரிவுக்கு அனுப்பினார்கள். எனக்கு நாற்காலிப் பக்கம், உனக்கு லேப். நான் கருவிகளை அவித்து அடுக்குவேன், டாக்டருக்குக் கையில் எடுத்துக் கொடுப்பேன், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பேன், ஒவ்வொரு சிப்பாயின் அட்டையிலும் எந்தப் பல் போயிற்று, எது அடைத்தது என்று குறிப்பேன். அளவெடுத்த தட்டு உன் கைக்கு வந்த பிறகு உன் வேலை தொடங்கும். பிளாஸ்டர் ஊற்றி அச்செடுப்பாய், மெழுகில் பல் அடுக்குவாய், அவித்து, தேய்த்து, மெருகேற்றுவாய். துப்பாக்கிக்காரர்களுக்கு நாம் ஒரு வேடிக்கை. "பல்லுப் புடுங்கவா ஆமிக்கு வந்தீங்க" என்று சிங்களத்தில் சிரிப்பார்கள். கடைவாய் வீங்கிய அன்றைக்கு மட்டும் அதே ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்கள்.

மெருகு மோட்டார் ஓடும்போது மட்டும் நாம் தமிழில் பேசுவோம், நினைவிருக்கிறதா? தமிழ் பேசாதே என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அந்த யுத்த வருஷங்களில் தமிழ் காதில் விழுந்தால் திரும்பிப் பார்த்தார்கள். அதனால் நீ மோட்டாரைப் போட்டுவிட்டு, கையில் பல் செட்டை வைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாய். உன் அப்பாவின் கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அந்த இரைச்சலில்தான்.

மேலே ஏற நமக்கென்று ஒரு ஏணி இருந்தது. தொழில் பரீட்சையில் மூன்றாம் தரம், இரண்டாம் தரம், முதலாம் தரம். பாஸ் பண்ணினால் போதாது, மேலே இருப்பவர் உன்னைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுத வேண்டும். பிறகு கோர்ஸுக்குப் பெயர் வர வேண்டும். கோடு அதற்கும் பிறகு. எல்லாப் படியிலும் நீ என்னை முந்தினாய். எனக்கு ஒரு கோடு இருக்கையில் உனக்கு இரண்டு. சார்ஜன்டுக்கு உன் பெயரைச் சிபாரிசு பண்ணி அனுப்பியிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது மச்சான். அதையும் மறைக்க இனி என்ன இருக்கிறது.

அந்த நாளுக்கு வருகிறேன். ஒரு பெரிய அதிகாரிக்கு மேல்வரிசை அளவெடுத்தோம். அவருடைய மகளுக்குக் கல்யாணம், பத்து நாளில் பல் வேண்டும். அளவெடுத்தது காலை பத்து மணிக்கு. தட்டை ஈரத்துணியில் சுற்றி உடனே உன்னிடம் கொண்டு வருவது என் வேலை. அந்த மாவு காற்றுப் பட்டால் சுருங்கும். அரை மணி நேரம் சும்மா கிடந்தாலே அளவு போய்விடும் என்பது நம் தொழிலில் அரிச்சுவடி. நான் துணியை நனைக்கப் போன நேரம் ஆபிஸ் கிளார்க் எட்டிப் பார்த்து, கோர்ஸ் லிஸ்ட் வந்துவிட்டது என்றான். தட்டை ஜன்னலோரம், வெயிலில், அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

என் பெயர் இருந்தது. கடைசிக்கு முந்திய பெயர். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கிளார்க்குக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அங்கேயே எல்லாரோடும் சோறும் தின்றேன். திரும்பி வந்தபோது மணி ஒன்று. மாவின் ஓரம் தட்டை விட்டு எழும்பி, வெளிறிப் போயிருந்தது. திரும்ப அளவெடுக்கலாம் என்றால் அந்த மனிதர் கொழும்புக்குப் போய்விட்டார். நான் தண்ணீரில் முக்கினேன், ஈரத்துணியில் சுற்றினேன், சீட்டில் ஒரு மணி என்று எழுதினேன்.

நீ தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாய். ஓரத்தைப் பெருவிரலால் அழுத்தினாய்.

"எத்தன மணிக்கு எடுத்தது?"

"இப்பதான் மச்சான். ஒரு மணிக்கு."

நீ சீட்டை வாசித்தாய், என்னைப் பார்த்தாய். பிறகு பிளாஸ்டரைக் கலக்க ஆரம்பித்தாய். "தட்டக் கையில வாங்கிட்டா அது என் பல்லு, அப்புறம் அடுத்தவன் மேல பழி சொல்லக் கூடாது" என்பது நீ உனக்கே போட்டுக்கொண்ட சட்டம். அன்று நீ வாங்கிக்கொண்டாய்.

மெழுகில் வைத்து வாயில் போட்டுப் பார்க்க அந்த அதிகாரிக்கு நேரமில்லை. கல்யாண வீட்டில் வந்தவர்களை வரவேற்று இரண்டு வார்த்தை பேச எழுந்திருக்கிறார். மேல்வரிசை கழன்று நாக்கில் விழுந்துவிட்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாராம். கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பயத்தில்.

திங்கட்கிழமை நம் டாக்டர், அந்தக் கெப்டன், பல்லையும் அச்சையும் மேசைமேல் வைத்துக்கொண்டு யார் தவறு என்று கேட்டார். "மகே வெரத்த, சேர்" என்றாய். என் தவறு என்று அவர்கள் பாஷையில், நிமிர்ந்து நின்று சொன்னாய். நான் கருவித் தட்டை ஏந்தியபடி மூன்றடி தள்ளி நின்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கோர்ஸ் போயிருக்கும். உன் மூன்றாவது கோடு வந்திருக்கும். நான் தட்டில் இருந்த குறடுகளை நேராக அடுக்கினேன்.

உன் பெயரைச் சார்ஜன்ட் லிஸ்டிலிருந்து எடுத்தார்கள். அடுத்த வருஷமும் வரவில்லை, அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. "கவனக்குறைவு" என்று உன் ஃபைலில் ஏறிய ஒரு வார்த்தை பதவி உயர்வுக்குக் கூடிய எல்லா போர்டுக்கும் உனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. நான் கோர்ஸ் முடித்தேன், உன்னைத் தாண்டினேன், சார்ஜன்ட் ஆனேன், கடைசியில் வாரன்ட் ஒபிசர் வரைக்கும் போனேன். நீ கோப்ரலாகவே இருந்து, கிண்டலோடு எனக்கு விறைத்து நின்று காட்டினாய்.

உன் அப்பா செத்த செய்தி வந்தபோது உனக்கு இரண்டு கோடு, எனக்கு மூன்று. நீ வெள்ளைச் சட்டையில் வந்தாய். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு யூனிபோர்மை முகாமிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாய். நான் யூனிபோர்மோடு வந்தேன். பெரட்டுக் களத்தைத் தாண்டித்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். தோட்டத்து ஆட்கள் எனக்கு வழிவிட்டார்கள் மச்சான். உனக்கு முன்னால், எனக்கு. அந்த நடை இன்னும் என் காலில் இருக்கிறது.

சர்வீஸ் முடிந்து வந்த பிறகு நீ ஹட்டனில் ஒரு சின்ன அறை எடுத்து, கிளினிக்குகளுக்குப் பல் செய்து கொடுத்தாய். ஒருநாள் மழையில் உன்னிடம் வந்தேன். சொல்லிவிடுவது என்று நான் குடியிருக்கும் நோட்டன் பிரிட்ஜிலிருந்து பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன். உன் மனைவி டீ கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். "மச்சான், அந்தக் கல்யாண வீட்டுப் பல்லு..." என்று ஆரம்பித்தேன். நீ என்னைப் பார்க்காமலே கையை நீட்டி மோட்டாரைப் போட்டாய். கையில் மெருகேற்ற ஒன்றுமில்லை. மோட்டார் சும்மா சுற்றியது. முன்பெல்லாம் பேசுவதற்காகப் போட்ட மோட்டார். ரொம்ப நேரம் கழித்து நிறுத்தினாய்.

"டீ ஆறிப்போச்சு. குடி" என்றாய்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. உனக்குத் தெரியும். ஓரத்தைப் பெருவிரலால் அழுத்தியபோதே தெரியும். தெரிந்தும் பிளாஸ்டர் ஊற்றினாய், தெரிந்தும் கெப்டன் முன்னால் நின்றாய். நீ என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அதற்குப் பிறகு என் பல் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்தது. "வாரன்ட் ஒபிசர் பொக்கை வாயோட திரியிறதா? வாடா, அளவு எடுத்துருவோம்" என்று போன் பண்ணுவாய். மழை விடட்டும், பேத்திக்குப் பரீட்சை, முழங்கால் வலி என்று நாள் கடத்தினேன். உன் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார எனக்கு முடியவில்லை. நீ அளவெடுத்து, ஈரத்துணியைச் சுற்றி, நேரம் எழுதுவதை நான் எப்படிப் பார்ப்பது? போன ஐப்பசி அடைமழையில் உனக்கு நெஞ்சு வலி வந்தது. மழை விட்டபோது நீ இல்லை.

காரியம் முடிந்து புறப்படும்போது உன் மனைவி ஒரு சின்னப் பெட்டியைக் கையில் கொடுத்தாள். "அண்ணே, இது ஒங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தாரு. அவன் மொகத்துக்கு இந்த நெறந்தான் சரியா இருக்கும்னு கண்டிக்குப் போயி பாத்து வாங்கிட்டு வந்தாரு." மேல்வரிசைக்கான பல், மெழுகு அட்டையில் வரிசையாகப் பதித்தது. கொஞ்சம் மஞ்சள் தட்டிய நிறம். என் டீயும் பீடியும் உனக்குத் தெரியாதா என்ன.

இன்று காலை அந்தப் பெட்டியைத்தான் டாக்டரிடம் கொடுத்து, இதையே வைத்துச் செய்யுங்கள் என்று கெஞ்சினேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அளவெடுத்து முடித்தும் நான் எழுந்து போகவில்லை. பின்னறைக் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"ஐயா, செவ்வாய்க்கிழமை வந்தாப் போதுங்க" என்றாள் அந்தப் பிள்ளை.

"பிளாஸ்டர் ஊத்திட்டாங்களாம்மா?"

அவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். "ஊத்திட்டாங்க. பத்து நிமிசங்கூட ஆகல." அதற்குப் பிறகுதான் நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

இன்னும் சில வாரத்தில் நீ பொறுக்கிய பல் என் வாயில் இருக்கும். சாகும் வரைக்கும் அதை வைத்துத்தான் நான் தின்ன வேண்டும், பேச வேண்டும். பல் கைக்கு வந்ததும் நேரே உன்னைப் புதைத்த இடத்துக்கு வருவேன். நீ அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு இத்தனை வருஷம் நான் வைத்திருந்த பதிலைத்தான் அந்தப் பல்லால் முதலில் சொல்லப் போகிறேன்.

பத்து மணிக்கு எடுத்தது மச்சான். காலையில பத்து மணிக்கு.