காந்திமதிக்கு ஒரு வாளித் தண்ணீர்

காந்திமதியின் அப்பாவுக்கு,

ரங்கூன் வந்ததிலிருந்து நம் பெண் சன்னலை விட்டு நகரவில்லை என்று எழுதினேன். நீங்கள் மோல்மேனில் வேலையில் இருந்துகொண்டு, அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பிவிடு என்றீர்கள்.

நேற்று பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழா. எதிர்வீட்டுப் பெண் மா மியாவும் தோழிகளும் இவளிடம் அனுமதி கேட்டு, தோளில் ஒரு கிண்ணம் தண்ணீரை மெதுவாக ஊற்றினார்கள். உள்ளே வந்து அழுதாள்.

"அவங்களுக்குள்ள வாளி வாளியா ஊத்திக்கிறாங்க. எனக்கு மட்டும் விருந்தாளி மரியாதைம்மா!"

வாளியை நிறைத்துக் கையில் கொடுத்தேன். "போடி, மா மியா தலையில கவுத்து!"

கவிழ்த்தாள். தெருவில் இருந்த அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே வாளிகளோடு எங்கள் இருவரையும் துரத்தினார்கள்.

இன்று காலை மா மியா வாசலில் வந்து கூப்பிட்டாள். இவள் ஈரம் காயாத பாவாடையோடு ஓடிவிட்டாள்.

கப்பலுக்குச் சொல்லியிருந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைக் கேட்காமல் தலையோடு கால் நனைந்த மனைவி